உப்புக்காற்றில் ஒரு குட்டி விமானம்: பங்கு சேர்ந்து வாங்கிப் பராமரிக்க ஒரு வழிகாட்டி

வளைகுடாவிலிருந்து கீழக்கரைக்குத் திரும்பிவிட்ட ஒருவர், கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ராமநாதபுரத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர், அவருடைய மைத்துனர் என்று நாலைந்து பேருக்கு விமானம் ஓட்டும் உரிமம் இருக்கிறது, ஆனால் ஓட்ட விமானம் இல்லை. சேர்ந்து ஒன்று வாங்கினால் என்ன? வாங்கலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சின்ன விமானம் வைத்திருப்பவர்களில் பலர் இப்படிப் பங்குதாரர்களாகத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே விதிகள் வேறு, காற்று வேறு, கரையும் வேறு, அதனால் அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் பணக்கணக்கு, ஆள் சேர்ப்பது, எண்ணெய் மாற்றுவது எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. நம் கரையில் சின்ன விமானத்துக்குப் பெரிய எதிரி சும்மா நிற்பது. வாரம் இரண்டு தடவை பறக்கும் விமானம் வருடக்கணக்கில் நன்றாக இருக்கும், மூன்று மாதம் மூடி வைத்த விமானத்தில் உப்பும் ஈரமும் தன் வேலையைக் காட்டிவிடும். எந்த முடிவெடுத்தாலும் "இதனால் விமானம் அதிகம் பறக்குமா, குறைவாகப் பறக்குமா" என்று கேட்டுப் பாருங்கள்.

முதலில் இடம், அப்புறம்தான் விமானம்

உச்சிப்புளியில்தான் ஓடுதளம் இருக்கிறதே என்று கண்டிப்பாக ஒருவர் சொல்வார். அது ஐ.என்.எஸ். பருந்து, இந்தியக் கடற்படையின் விமானத்தளம். நம் விமானத்தை அங்கே நிறுத்தலாம் என்று திட்டம் போடாதீர்கள், அதைச் சுற்றியுள்ள வானத்திலும் நினைத்தபடி திரிய முடியாது. ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் சர்வதேசக் கடல் எல்லை வேறு. மீனவர்களுக்கு அந்தக் கோட்டால் வரும் தொல்லை நம்மூரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விமானத்துக்கும் அதே கோடுதான். ஒவ்வொரு பயணத்துக்கும் பயணத் திட்டம் தாக்கல் செய்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் விமானத் தகவல் மையத்தின் எஃப்.ஐ.சி. எண்ணும் வாங்கிய பிறகுதான் கிளம்ப வேண்டும். பாம்பன் பாலத்தை மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு வரலாம் என்று காலையில் தோன்றியதும் கிளம்புகிற சமாச்சாரம் இல்லை இது.

இன்னொருவர், சாயல்குடிப் பக்கம் தன் சித்தப்பாவின் சீமைக் கருவேலங்காடு சும்மா கிடக்கிறது, ஜே.சி.பி. விட்டுச் சமப்படுத்தினால் ஓடுதளம் தயார் என்பார். நிலம்தான் அதில் சுலபமான பகுதி. தனியார் ஓடுதளத்துக்கு மாவட்ட நிர்வாகம், பாதுகாப்பு அமைச்சகம், உள்துறை, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. என்று பல கதவுகளைத் தட்ட வேண்டும், அதுவும் கடற்படைத் தளத்தின் பக்கத்தில். புதிதாக ஆரம்பிக்கிற குழு இதில் இறங்கினால் விமானம் வாங்குவதற்குள் குழுவே கலைந்துவிடும். செட்டிநாட்டிலும் கயத்தாற்றிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளங்கள் இருக்கின்றன, ஆனால் பழைய ஓடுதளம் ஒன்று இருக்கிறது என்பதற்காக அங்கே போய் இறங்கிவிடலாம் என்று அர்த்தமில்லை.

ஆக, நடைமுறையில் இரண்டே இடம்தான்: தூத்துக்குடி வாகைகுளம் அல்லது மதுரை. சாயல்குடி, கீழக்கரைக்காரர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தூத்துக்குடி வசதி. ராமநாதபுரம், தேவிபட்டினத்துக்காரர்களுக்கு மதுரை. மதுரை கடலைவிட்டு நன்றாக உள்ளே இருப்பதால் உப்பு குறைவு, தூத்துக்குடியில் அந்தச் சலுகை கிடையாது. ஆனால் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் அந்த இடம் வேண்டாம் என்பேன். முதல் மாதம் எல்லோரும் ஆசையாகப் போவார்கள், ஆறாவது மாதம் யாரும் போகமாட்டார்கள்.

இடத்தை முடிவு செய்யும் முன் விமான நிலைய அதிகாரியிடம் நேரில் போய்க் கேளுங்கள். கூரையுள்ள கொட்டகை கிடைக்குமா, திறந்தவெளியில்தான் நிறுத்த வேண்டுமா, உறுப்பினர்களுக்கு நுழைவு அட்டை எப்படி, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் எங்கிருந்து வருவார், எரிபொருளுக்கு என்ன வழி. இதில் கொட்டகை கிடைக்காது என்று சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். திறந்தவெளியில் நம் வெயிலுக்கு பெயின்ட் வெளுக்கும், கண்ணாடி மங்கும், ரப்பர் வெடிக்கும்.

யாரைச் சேர்ப்பது, எத்தனை பேர்

இரண்டு இருக்கை விமானத்துக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் சரியாக இருக்கும். நாலு பேர் என்றால் மாதச் செலவு கழுத்தை நெரிக்கும், பன்னிரண்டு பேர் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குச் சண்டை வரும். எட்டுப் பேர் ஆளுக்கு வருடம் 25 மணி நேரம் பறந்தால் 200 மணி நேரம் ஆகிறது, அதாவது வாரத்துக்கு நாலு மணி நேரம். எஞ்சினுக்கு அது நல்ல பழக்கம்.

பணம் உள்ளவரைவிட நேரம் உள்ளவரைத் தேடுங்கள். "நான் பங்கு மட்டும் போடுகிறேன், எப்போதாவது வந்து பறக்கிறேன்" என்பவர் கேட்க நன்றாக இருப்பார், ஆனால் அவருடைய பங்கு சும்மா கிடக்கும், விமானமும் கூடவே சும்மா நிற்கும். வருடத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வையுங்கள், பறக்காவிட்டாலும் அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும் என்றும் சேர்த்து.

உரிமம் இல்லாதவர் சேரலாமா? சேரலாம், ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு இடத்தில். பயிற்சி கொடுப்பதற்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனமாக இருக்க வேண்டும், நம் குழு அப்படிப்பட்டதல்ல. தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு, எழுத்துத் தேர்வுகள், ரேடியோ உரிமம் வேண்டும். இதையெல்லாம் முடித்துவிட்டு அவர் வரட்டும்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்

விமானம் யார் பெயரில் என்பதை முதலில் தீர்த்துவிடுங்கள். ஒருவர் பெயரில் வாங்கிவிட்டு மற்றவர்கள் வாய் வார்த்தையில் பங்கு வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம்தான், நிலத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று ராமநாதபுரம் கோர்ட் வாசலில் நின்றால் தெரியும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சங்கமாகப் பதியலாம், அதற்கு ஏழு பேராவது வேண்டும். தனியார் கம்பெனியாகவோ, பொறுப்பு வரையறுத்த கூட்டாண்மையான எல்.எல்.பி.யாகவோ ஆரம்பிக்கலாம். பங்கை விற்கவும் வாங்கவும் கம்பெனி முறை தெளிவாக இருக்கும் என்பது என் எண்ணம், ஆனால் ஒவ்வொரு வருடமும் கணக்குத் தாக்கல் என்று ஆடிட்டர் செலவு கூட வரும். எதுவாக இருந்தாலும் அந்த வடிவத்தில் விமானத்தைப் பதிய முடியுமா என்று டி.ஜி.சி.ஏ.விடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது: 1934-ம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் பாரதீய வாயுயான் அதிநியம் 2024 என்ற புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதனால் பழைய கட்டுரைகளை நம்பி விண்ணப்பம் எழுதாதீர்கள்.

ஒப்பந்தத்தில் எல்லோரும் நினைத்துப் பார்க்கிற விஷயங்களை எழுதிவிடுவார்கள். விட்டுவிடுவது இவற்றைத்தான்: ஒருவர் விலக நினைத்தால் பங்கை விற்பதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், விலையை யார் நிர்ணயிப்பது, எத்தனை மாதத்தில் பணம் கொடுக்க வேண்டும். ஒருவர் இறந்துவிட்டால் வாரிசுக்குப் பங்கின் பணம் போகுமே தவிர விமானி இருக்கை போகாது என்பது. விபத்தில் காப்பீடு கொடுக்காத முதல் தொகையைக் குழு கட்டுமா, ஓட்டியவர் கட்டுவாரா. மாதப் பணம் 30 நாள் பாக்கி என்றால் சாவி கிடையாது என்பது. இந்தக் கடைசி விதியைப் போடும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள், போடட்டும்.

இன்னொன்று, தனியார் பயன்பாட்டுக்குப் பதிந்த விமானத்தில் வாடகைக்கு ஆள் ஏற்றக் கூடாது. "என் பையனுக்குப் பிறந்தநாள், ஒரு ரவுண்டு போய்விட்டு வாங்க, டீசல் காசு தந்துவிடுகிறேன்" என்று வெளியாள் கேட்பார். ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், விபத்து நடந்தால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான். விமானத்துக்கு டீசல் போடுவதில்லை என்பதை அவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பணக்கணக்கு

செலவை மூன்றாகப் பிரியுங்கள். பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருவது ஒன்று: காப்பீடு, கொட்டகை வாடகை, வருடாந்திரச் சான்று, பராமரிப்பைத் திட்டமிட்டுக் கண்காணிக்கும் பராமரிப்பு மேலாண்மை நிறுவனத்துக்கான கட்டணம். இதை எல்லோரும் சமமாக மாதாமாதம் கட்ட வேண்டும். பறந்தால் மட்டும் வருவது இரண்டாவது: எரிபொருள், எண்ணெய், டயர், 50 மணி மற்றும் 100 மணிச் சோதனைகள். அது மணிக்கணக்கில். மூன்றாவது, என்றைக்கோ ஒருநாள் ஒரே அடியாக வரப்போகும் எஞ்சின் ஓவர்ஹால், அதாவது எஞ்சினை முழுக்கப் பிரித்துச் சீரமைப்பது. குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டு இருக்கை விமானமான செஸ்னா 152-ல் இருக்கும் லைகமிங் ஓ-235 எஞ்சினின் எல்2சி வகைக்கு, ஓவர்ஹாலுக்கு இடைப்பட்ட காலம் 2,400 மணி நேரம். உதாரணத்துக்காக ஓவர்ஹால் செலவை 24 லட்சம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 1,000 ரூபாய் ஒதுக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் லைகமிங் 12 வருடம் என்ற கால வரம்பையும் சொல்கிறது, இரண்டில் எது முந்துகிறதோ அது. குழு வருடத்துக்கு 200 மணி நேரம் பறந்தால் 12 வருடத்தில் 2,400 மணி வந்துவிடும், கணக்கு சரி. 100 மணி நேரம்தான் பறக்கிறீர்கள் என்றால் 12 வருடத்தில் 1,200 மணிதான் ஆகியிருக்கும், ஆனால் செலவு அதே 24 லட்சம், அதாவது மணிக்கு 2,000 ரூபாய். சும்மா நிற்கும் விமானம் இப்படித்தான் பணத்தைத் தின்கிறது. எனவே எஞ்சின் நிதியை மணிக்கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள், பாதியை மாதச் சந்தாவோடு சேர்த்து வாங்குங்கள். அந்தப் பணம் தனி வங்கிக் கணக்கில், இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும். ரேடியோ வாங்கவோ சீட் கவர் தைக்கவோ அதைத் தொடக் கூடாது.

எந்த விமானம்

புதுக் குழுவுக்கு என் வாக்கு செஸ்னா 152-க்கு. 1977 முதல் 1985 வரை தயாரானது, எல்லாமே பழசுதான், ஆனால் இந்தியாவில் பயிற்சிப் பள்ளிகள் நிறைய ஓட்டிய விமானம், கை பழகிய பொறியாளர்கள் கிடைப்பார்கள், உதிரிபாகமும் கிடைக்கும். 110 குதிரைத்திறன், அதிகபட்ச எடை 757 கிலோ, மணிக்கு ஏறக்குறைய 22 லிட்டர் குடிக்கும். 80 கிலோ ஆட்கள் இருவர் ஏறி டேங்க்கை நிரப்பினால் பெட்டிக்கு இடம் கிடையாது, பிரியாணி சாப்பிட்டுவிட்டு வரும் நாளில் எடைக் கணக்கை மறுபடியும் போட்டுப் பாருங்கள். நாலு இருக்கை வேண்டுமென்றால் செஸ்னா 172. செலவு எல்லாப் பக்கமும் ஒரு படி ஏறும்.

மூன்றாவது வழி, ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் பூட்டிய இலகு விமானங்கள். எரிபொருள் குறைவு, எஞ்சின் நவீனமானது, பெட்ரோலில் ஓடும் என்பார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல். ரோட்டாக்ஸ் 912-க்கு 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதி. நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது விற்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் பாகங்களையும் அரிக்கும், அளவுக்கு மீறி ஈரம் சேர்ந்தால் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் நிற்கும். லைகமிங்குக்கு எத்தனால் ஒரு சொட்டுக்கூட ஆகாது. ஆகவே ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் பங்கில் கேன் பிடித்துக்கொண்டு போகும் யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பது சின்ன விமானங்களுக்கான பெட்ரோல், அவ்கேஸ் 100 எல்.எல். முன்பு இறக்குமதிதான், 2022 முதல் இந்தியன் ஆயில் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரிக்கிறது. பீப்பாயில் வரும், பீப்பாயைச் சேமித்து வைக்க பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் விதிகளைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் பயிற்சிப் பள்ளி ஏதாவது இருந்தால் அவர்களோடு சேர்ந்து வாங்குவதே புத்திசாலித்தனம். ரோட்டாக்ஸில் பெரும்பாலும் அவ்கேஸ் ஊற்றினால் அதிலுள்ள ஈயம் படியும், எண்ணெயை 25 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். பெரிய விமானங்களுக்கு ஊற்றுவது ஏ.டி.எஃப்., அதாவது மண்ணெண்ணெய் வகை. அதை நம் எஞ்சினில் ஊற்றினால் ஏறும்போதே நின்றுவிடும். அவ்கேஸ் நீலமாக இருக்கும், ஏ.டி.எஃப். நிறமில்லாமல் இருக்கும். லாரிக்காரர் ஊற்றும்போது பக்கத்தில் நின்று நிறத்தைப் பாருங்கள், அது நம் வேலை.

வாங்கும்போது விற்பவருக்குத் தெரியாத பொறியாளரை உங்கள் செலவில் கூட்டிப் போங்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பேட்டரிப் பெட்டியின் அடியில், இறக்கையின் உட்புறத்தில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். செஸ்னா என்றால் இருக்கை நகரும் தண்டவாளத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதன் துளைகள் தேய்ந்திருந்தால் வேகமெடுக்கும்போது இருக்கை பின்னால் வழுக்கிப் போகும், கையிலிருக்கும் ஸ்டியரிங்கையும் விமானி கூடவே இழுத்துவிடுவார். இதற்கென்றே கட்டாயச் சோதனை உத்தரவு இருக்கிறது, பதிவேட்டில் அது செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டில் ஒரு வருடம் காணவில்லை என்றால் விலையைப் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

பராமரிப்பு

யார் எதைச் செய்யலாம் என்பதிலிருந்து ஆரம்பிப்போம். அமெரிக்காவில் விமானத்தை வைத்திருக்கும் விமானியே எண்ணெய் மாற்றலாம், டயர் மாற்றலாம். அங்கிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே ஸ்பானரை எடுக்காதீர்கள். நமக்கு எது அனுமதி என்பதைப் பராமரிப்பு மேலாண்மை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள், வாங்கும்வரை நம் வேலை கழுவுவது, மூடுவது, கட்டுவது, பார்ப்பது, எழுதி வைப்பது. மற்றதை உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் (ஏ.எம்.இ.) செய்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் பறக்கலாம். கழுவுவதும் பார்ப்பதும் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம், கரையோர விமானத்தின் ஆயுள் பாதி அதில்தான் இருக்கிறது.

விமானத்தின் தோல் அலுமினியக் கலவை, மேலே மெல்லிய சுத்த அலுமினியப் பூச்சு, அதன் மேல் பெயின்ட். பெயின்டில் ஒரு கீறல் விழுந்து உப்பு ஈரம் உள்ளே போனால் பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி அரிப்பு ஓடும். ஆணித் தலைகளைச் சுற்றி, தகடுகளின் விளிம்பில், கீல்களில் இதைத் தேடுங்கள். இரும்பு ஆணியும் அலுமினியமும் தொடும் இடங்களில் இன்னும் வேகம். வெள்ளை மாவு மாதிரி தெரிந்தால் அதைத் துடைத்து மறைக்காமல் போட்டோ எடுத்துப் பொறியாளருக்கு அனுப்புங்கள்.

கடலோரம் பறந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு, அதில் கழுவினால் காய்ந்ததும் உப்பைப் பூசி வைத்த கதைதான். கூட்டுக் குடிநீர் லாரியிலிருந்து வாங்குங்கள், அல்லது கொட்டகைக் கூரையில் விழும் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வையுங்கள். வேகமாகப் பீய்ச்சும் குழாய் வேண்டாம், பேரிங்கில் இருக்கும் கிரீஸைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் உள்ளே போய்விடும். அடிவயிறு, சக்கரக் கால்கள், ஃபிளாப்புக்குப் பின்புறம் என்று யாரும் குனிந்து பார்க்காத இடங்களை முதலில் அலசுங்கள். வேகமானிக் குழாயையும் பக்கவாட்டுச் சின்ன ஓட்டைகளையும் கழுவும் முன் மூடி, முடிந்ததும் மூடியை எடுத்தாயிற்றா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். அடிப்பக்க வடிகால் ஓட்டைகள் அடைபட்டிருந்தால் கழுவிய தண்ணீர் உள்ளேயே நின்று அரிக்கும். முன்கண்ணாடியில் முதலில் தண்ணீரை ஊற்றி உப்பை ஓட விட்டு, அப்புறம் மெல்லிய துணியால் மேலும் கீழுமாகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் சாயங்கால வெயிலுக்கு எதிரே இறங்கும்போது கண் கூசும்.

அரிப்புத் தடுப்பு எண்ணெய் என்று விமானத்துக்கென்றே விற்கிறார்கள், ஏ.சி.எஃப்.-50 மாதிரி. இறக்கைக்குள்ளும் வால் பகுதிக்குள்ளும் பனிபோல அடித்துவிட்டால் தகடுகளின் இடுக்கில் ஊர்ந்து போய் ஈரத்தை வெளியே தள்ளும். சில நாட்களுக்கு அடிப்பக்கமெல்லாம் கசிந்து அழுக்காக இருக்கும், உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள். வருடாந்திரச் சோதனையின்போது எல்லா மூடிகளையும் கழற்றியிருப்பார்கள், அப்போதே ஏ.எம்.இ.யிடம் சொல்லி அடித்துவிடுங்கள்.

எஞ்சினுக்கு வருவோம். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் லைகமிங்கில் மேல்பக்கம் இருக்கிறது, எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெய் வழிந்து இறங்குவது முதலில் அதிலிருந்துதான். சில வாரம் சும்மா நின்றால் ஈரக்காற்றில் அதில் துரு பிடிக்கும், அடுத்த தடவை ஓட்டும்போது அந்தத் துரு உலோகத்தைச் சுரண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதற்கு மருந்து பறப்பதுதான்: எண்ணெய் நன்றாகச் சூடாகி, 80 டிகிரி செல்சியஸை ஒட்டி அரை மணி நேரமாவது இருந்தால் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகும். "பறக்க நேரமில்லை, ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிடம் ஓட விட்டேன்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அதைத் தடுத்து நிறுத்துங்கள். தரையில் ஓடும்போது எண்ணெய் அந்தச் சூட்டை எட்டாது, எரிபொருள் எரிந்து உண்டாகும் ஈரம் மட்டும் எண்ணெயில் கூடும். புரொப்பல்லரைக் கையால் சுற்றி வைப்பதும் லைகமிங்குக்கு உதவாது, ஒட்டியிருக்கும் கொஞ்ச எண்ணெயும் வழிந்துவிடும், தீப்பொறி தரும் மேக்னெட்டோ உயிரோடிருந்தால் கையும் போய்விடும். ரோட்டாக்ஸில் கதை வேறு, எண்ணெய் அளவு பார்ப்பதற்கே இக்னிஷனை அணைத்துவிட்டு, ஓடும் திசையில் கையால் சுற்றி, டேங்க்கில் களகளவென்று சத்தம் வரும்வரை எண்ணெயைத் திருப்ப வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எண்ணெய் மாற்றுவது வடிகட்டி உள்ள லைகமிங்குக்கு 50 மணி அல்லது நாலு மாதம், சல்லடை மட்டும் இருந்தால் 25 மணி. இதில் "நாலு மாதம்" என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பழைய வடிகட்டியை அறுத்து, மடிப்பைப் பிரித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள். சிலிண்டர் அழுத்தச் சோதனையில் 80-க்கு எத்தனை என்று எழுதுவார்கள், அந்த எண்ணைவிட அது ஒவ்வொரு தடவையும் எப்படி மாறுகிறது என்பது முக்கியம். ரோட்டாக்ஸில் ரப்பர் குழாய்கள் அத்தனையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், வெளியே புதிதாகத் தெரிந்தாலும்.

விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, பலகை, எஞ்சின், பெயின்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவார்கள். நம் வருடாந்திரச் சோதனைக்கும் அப்படி ஒரு காலத்தை நிரந்தரமாகக் குறித்துவிடுங்கள். நான் சொல்வது ஜூன், ஜூலை: கச்சான் காற்று பலமாக அடித்து எப்படியும் பறப்பு குறையும் நாட்கள். சோதனையில் ஏதாவது பெரிதாக வந்தாலும் மழைக்காலத்துக்கு முன் முடிக்க நேரம் இருக்கும்.

தினசரிப் பழக்கங்கள்

சாவிக்குப் பக்கத்தில் பழுதுகளை எழுதி வைக்க ஒரு ஸ்நாக் புத்தகம் இருக்கட்டும். வாட்ஸ்அப் குரூப் போதாது, அங்கே குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் "இடது பிரேக் கொஞ்சம் இழுக்குது" என்பது காணாமல் போய்விடும். பறந்துவிட்டு வந்தவர் ஒன்றுமில்லை என்றாலும் "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பறக்கக் கூடாத பழுது என்றால் ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, பராமரிப்புப் பொறுப்பாளரைப் போனில் கூப்பிட வேண்டும். பொறுப்பாளர் ஒரே ஆள், அவர் பறக்க வேண்டாம் என்றால் தலைவர் உட்பட யாரும் பறக்கக் கூடாது.

பறந்து முடித்ததும் டேங்க்கை நிரப்பி வையுங்கள், காலி இடம் இருந்தால் இரவில் ஈரம் உள்ளே தண்ணீராகச் சேரும். அடுத்த நாள் எடை அதிகமாகும் என்றால் எவ்வளவு நிரப்புவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம். காலையில் டேங்க்கின் அடியிலுள்ள வடிகுழாயிலிருந்து எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் அடியில் குமிழாக நிற்கும். குப்பி முழுக்கத் தண்ணீராக இருந்தால் பிரிகோடு தெரியாது, பெட்ரோல் மாதிரியே ஏமாற்றும், அதனால் நீல நிறம் இருக்கிறதா என்று வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வேகமானிக் குழாயிலும் டேங்க் காற்றுக் குழாயிலும் குளவி ஓரிரு நாளில் மண்கூடு கட்டிவிடும், எஞ்சின் மூடிக்குள் மைனா கூடு கட்டும், எலி வயரைக் கடிக்கும். மூடி போடுவதில் சோம்பல் கூடாது. பிரேக் தட்டுகள் ஒரே இரவில் சிவந்துவிடும், அது முதல் சில அடி உருளும்போதே தேய்ந்து போகும், பதற வேண்டாம்.

காற்றைப் பற்றி இரண்டு விஷயம். கடல்மட்டத்தில் 35 டிகிரி வெயிலில் விமானம் ஏறக்குறைய 2,400 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும், ஏறுவதற்கு நேரமெடுக்கும், கையேட்டில் பார்க்காமல் இரண்டு கனமான ஆட்களோடு மதியம் கிளம்பாதீர்கள். அப்புறம், இந்த வெயிலில் பனிக்கட்டியா என்று சிரிக்காதீர்கள், ஈரக்காற்றில் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது 30 டிகிரியிலும் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டை இழுக்கும் பழக்கத்தைக் கடலோரக்காரர்கள் விட்டுவிடக் கூடாது.

45 நாள் பறக்காதவர் அடுத்த தடவை குழுவின் மூத்த விமானியோடுதான் பறக்க வேண்டும் என்று விதி வையுங்கள். முன்பதிவில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பறப்பு நேரங்களுக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. பத்து நாளாக விமானம் யாராலும் தொடப்படவில்லை என்றால் பொருளாளர் எழுத்தில் அனுமதி கொடுத்து, எரிபொருள் செலவில் பாதியைக் குழுக் கணக்கில் போட்டு, முதலில் கேட்பவருக்கு ஒரு மணி நேரம் கொடுக்கலாம். கஞ்சத்தனமாக யோசித்தால் இது வீண்செலவு, மேலே சொன்ன எஞ்சின் கணக்கைப் பார்த்தால் இல்லை.

புயல் நாட்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை அறிக்கையைத் தினமும் பார்க்கும் வேலையை ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின் கரை இது. தாழ்வுமண்டலம் மன்னார் வளைகுடாப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தால், காற்று எழுவதற்கு இரண்டு நாள் முன்பே விமானத்தை உள்நாட்டுக்கு, கோயம்புத்தூர் மாதிரி ஒரு இடத்துக்கு, ஓட்டிப் போய்விட வேண்டும். அங்கே நிறுத்த இடம் கேட்டு ஆகஸ்டிலேயே பேசி வையுங்கள், புயல் அன்று எல்லோரும் கேட்பார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அந்த ஒருவருக்கு மட்டும், புயல் வராமல் போய் எரிபொருள் வீணானாலும் அவரிடம் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

நகர்த்த முடியாவிட்டால் மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி, இரண்டு இறக்கை வளையத்திலும் வாலிலும் நைலான் கயிற்றால் கட்டுங்கள். தேங்காய்நார்க் கயிறும் சணலும் நனைந்தால் சுருங்கி இறக்கையை இழுக்கும். கயிற்றில் ஒரு அங்குலத் தளர்வு விடுங்கள், கண்ட்ரோல் பூட்டைப் போடுங்கள், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், பக்கத்தில் பறந்துவரக்கூடிய தகரம், பீப்பாய், நாற்காலி எதுவும் கிடக்க வேண்டாம். புயல் போனதும் எஞ்சினை இயக்கும் முன் ஏ.எம்.இ. ஒருமுறை பார்க்கட்டும், அதற்குள் நல்ல தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிடுங்கள்.